விழுந்த இடத்தைத் திரும்பிப் பார்க்க: தோல்வியும் விசுவாசமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்பது ஆண்டுகள் நடத்திய ஒரு சின்ன அச்சகத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தவன் நான். அதற்குப் பிறகு, தோற்றுப்போய் ஜெபக்கூட்டத்துக்கு வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவது எப்படியோ என் பங்காகிவிட்டது. வேலை போனவர்கள், பரீட்சையில் தவறியவர்கள், மணவாழ்க்கை முறிந்தவர்கள், ஊழியத்துக்குப் போய்த் திரும்பி வந்தவர்கள் என்று பலர். ஆள் மாறினாலும் கேள்விகள் அதிகம் மாறுவதில்லை. நேரில் கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்காக அவற்றை எழுதிவைக்கிறேன். நான் கிறிஸ்தவன் என்பதால் எடுத்துக்காட்டுகள் அங்கிருந்தே வரும். வேறு வழியில் இறைவனைத் தேடுகிறவர்களுக்கும் இதில் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கும் என்று நம்புகிறேன்.

தோற்றுப்போனேன். என் விசுவாசம் போதவில்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. இதற்கு மட்டும் சுற்றி வளைக்காமல் பதில் சொல்லிவிட வேண்டும். இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்காமல் பல வருடம் நெஞ்சில் சுமந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இங்கிலாந்திலிருந்து மிஷனரியாக வில்லியம் கேரி 1793-ல் வங்காளத்துக்கு வந்தார். அவர் உழைப்பின் பலனாக முதல் ஆள் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பரில். இடையில் ஏழு வருடம். அதற்குள் ஐந்து வயது மகனைப் பறிகொடுத்தார், மனைவியின் மனநலம் குலைந்தது. அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் 1813-ல் பர்மாவின் ரங்கூனில் இறங்கினார். அவர் முதல் ஞானஸ்நானம் கொடுத்தது 1819-ல். அந்த ஆறேழு வருடத்தில் எந்த நாளில் அவர்களை நிறுத்தி “என்ன பலன் கண்டீர்கள்?” என்று கேட்டிருந்தாலும், காட்ட ஒன்றும் இருந்திருக்காது. அன்று அவர்களுடைய விசுவாசம் குறைவாக இருந்தது என்று யாரால் சொல்ல முடியும்?

இவர்கள் பின்னால் ஜெயித்தார்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால், கடைசிவரை ஜெயிக்காமல் போனவர்களை நாம் கைவிட்டதாகும். எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தில் விசுவாச வீரர்களின் நீண்ட பட்டியல் ஒன்று இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ளவர்கள் தங்களுக்கு வாக்களிக்கப்பட்டதை அடையாமலே மரித்தார்கள் என்று அதே இடத்தில் எழுதியிருக்கிறது. நாம் மேடையில் கேட்கும் சாட்சிகளில் இந்தப் பகுதி அதிகம் வருவதில்லை.

அப்படியானால் தோல்வியில் விசுவாசம் எனக்கு என்னதான் செய்யும்?

விழுந்த இடத்தைத் திரும்பிப் பார்க்கத் தெம்பு கொடுக்கும். என் அனுபவத்தில் அது செய்த முதல் காரியமும் முக்கியமான காரியமும் இதுதான்.

அச்சகத்தை மூடிய பிறகு ஏழெட்டு மாதம் நான் கணக்கு நோட்டைத் திறக்கவில்லை. ஒரு பையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்திருந்தேன். யாராவது கேட்டால் என்னிடம் இரண்டு கதைகள் தயாராக இருந்தன. ஒன்று: காலம் மாறிவிட்டது, யாரும் அச்சடிக்க வருவதில்லை, பெரிய அச்சகங்கள் விலையைக் குறைத்துவிட்டன. இரண்டாவது கதை இரவில் எனக்கு நானே சொல்லிக்கொண்டது: நான் எதற்கும் லாயக்கில்லாதவன், தொட்டதெல்லாம் துலங்காதவன். முதல் கதையில் தவறு முழுக்க வெளியே இருந்தது, இரண்டாவதில் முழுக்க என்மேல் இருந்தது. இரண்டிலும் நோட்டைத் திறக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஒரு நாள் ஜெபத்தில், “ஆண்டவரே, நான் யார் என்று உமக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். தெரிந்தும் அவர் என்னை விடவில்லை என்றால், அந்த நோட்டில் என்ன இருந்தால்தான் என்ன? என் மதிப்பு அந்தப் பக்கங்களில் முடிவாகப் போவதில்லை. அது ஏற்கெனவே சிலுவையில் முடிவான விஷயம். அன்று மாலையே பையை இழுத்து நோட்டை எடுத்தேன்.

பக்கம் பக்கமாகப் புரட்டியபோது ஒன்றைக் கண்டேன். முதல் ஆறரை வருடம் எல்லாக் கணக்கும் நீல மையில் இருந்தது. அதன்பின் ஒரு மாதத்திலிருந்து வரவேண்டிய பாக்கியை மட்டும் பென்சிலால் எழுதத் தொடங்கியிருந்தேன். அழித்து மாற்றிக்கொள்ளலாம் என்று கை நினைத்திருக்கிறது. அச்சகம் மூழ்கப்போகிறது என்று என் கைக்கு இரண்டரை வருடம் முன்பே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரிய மனமில்லை. அந்த இரண்டரை வருடமும் நான் புது ஆர்டருக்காகத் தினமும் ஜெபித்தேன். பழைய பாக்கியைக் கேட்டு ஒருவர் வீட்டுக்கும் போகவில்லை. கேட்டால் முகம் கோணுவார்களே என்ற பயம்.

காலமும் மாறியது உண்மைதான். ஆனால் என் கையில் இருந்த பங்கு இதுதான் என்று அன்றைக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தபோது வலித்தது. ஆனால் நான் பயந்ததுபோல் நொறுங்கிப்போய்விடவில்லை.

“கர்த்தர் பார்த்துக்கொள்வார்” என்று விட்டுவிடுவது விசுவாசமா, தட்டிக்கழிப்பதா?

வார்த்தை ஒன்றுதான், சொல்கிறவரைப் பொறுத்து இரண்டும் ஆகலாம். என் விஷயத்தில் அது தட்டிக்கழிப்பாகத்தான் இருந்தது.

மனிதர்கள் துன்பத்தில் மத நம்பிக்கையை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர் கென்னத் பார்கமென்ட் என்ற அமெரிக்க உளவியலாளர். 1988-ல் அவரும் உடன் ஆய்வாளர்களும் மூன்று வகையைப் பிரித்துக் காட்டினார்கள். பிரச்சினையைக் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டுக் காத்திருப்பது ஒரு வகை. கடவுள் எனக்கு அறிவு கொடுத்திருக்கிறார், மீதியை நானே பார்த்துக்கொள்கிறேன் என்பது இன்னொன்று. அவரும் நானும் சேர்ந்து செய்கிறோம் என்பது மூன்றாவது. வெறுமனே ஒப்படைத்துவிட்டு உட்காருகிறவர்களிடம், தன்னால் ஒரு காரியத்தைச் சமாளிக்க முடியும் என்ற உணர்வு குறைவாக இருந்தது. சேர்ந்து செய்கிறவர்களிடம் அது கூடுதலாக இருந்தது.

நம் கை எட்டாத காரியங்களும் உண்டு. தீராத நோய், திரும்பி வராத ஆள். அங்கே ஒப்படைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த ஒப்படைப்புக்கு ஒரு பெரிய கண்ணியமும் இருக்கிறது. எனவே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது: இதில் என் கைக்கு எட்டும் வேலை ஏதாவது பாக்கி இருக்கிறதா? இருந்தால், ஜெபம் முடிந்ததும் எழுந்து அந்த வேலைக்குப் போக வேண்டும். நான் ஜெபித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நடந்தது முழுக்க என் தவறு. குற்ற உணர்வு விடமாட்டேன் என்கிறது.

ஒரே இரவில் தவறிய இரண்டு பேரைப் பார்ப்போம். யூதாஸ் இயேசுவைக் காட்டிக்கொடுத்தான். பேதுரு அவரைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்தான். இருவரும் மனம் கசந்தார்கள். யூதாஸ் பணத்தைத் திருப்பி எறிந்தான், “நான் பாவஞ்செய்தேன்” என்று வாய்விட்டுச் சொல்லவும் செய்தான். குற்ற உணர்வின் அளவை வைத்துப் பார்த்தால் யூதாஸுடையது குறைவானது அல்ல. அவன் அதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போனான். பேதுருவோ அழுதான், அழுத பிறகு மற்றச் சீஷர்கள் இருந்த இடத்துக்குத் திரும்பி வந்தான். அவர்களுக்கு முன்னால் முகத்தைக் காட்டுவது அவனுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்! “உம்மை ஒருபோதும் விடமாட்டேன்” என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னவன் அவன்தானே.

சுவிசேஷத்தில் ஒரு சின்னக் குறிப்பு இருக்கிறது, நான் பல வருடம் கவனிக்காமல் தாண்டிப்போனது. பேதுரு மறுதலித்தபோது முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டு நின்றானே, அது கரிநெருப்பு. உயிர்த்தெழுந்த பிறகு இயேசு திபேரியாக் கடற்கரையில் சீஷர்களுக்காக மூட்டி வைத்திருந்ததும் கரிநெருப்பு. கிரேக்க மூலத்தில் அந்தச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த இரண்டு இடத்தில் மட்டும்தான் வருகிறது. விடியற்காலை, ஈரத் துணியோடு கரையேறிய பேதுருவின் மூக்கில் அந்தப் புகை ஏறியிருக்கும். எந்த இரவை மறக்க விரும்பினானோ அதே வாசனை. அங்கேதான் மூன்று தரம் கேட்கப்பட்டது, “என்னை நேசிக்கிறாயா?” என்று. மூன்று தரம் மறுதலித்தவனுக்கு மூன்று தரம் பதில் சொல்ல வாய்ப்பு கிடைத்தது. மூன்றாவது தரம் பேதுரு துக்கப்பட்டான் என்றும் எழுதியிருக்கிறது.

இதில் நான் கவனிப்பது ஒன்று. இயேசு அந்த இரவைப் பற்றிப் பேசாமல் விட்டுவிடவில்லை. “பரவாயில்லை, விடு” என்று தோளில் தட்டிக்கொடுக்கவும் இல்லை. அந்த நெருப்பருகேயே கொண்டுவந்து உட்காரவைத்து, பசியாறக் கொடுத்து, அதற்குப் பிறகுதான் கேட்டார். கேட்டு முடித்தபின் ஆடுகளை மேய்க்கும் பொறுப்பைக் கொடுத்தார். மன்னிப்பும் உண்மையும் அங்கே கூடவே வந்தன.

குற்ற உணர்வு உங்களை ஒருவரிடம் போய் “நான் செய்தது தப்பு” என்று சொல்லவைத்தால், கொடுக்க வேண்டியதைத் திருப்பிக் கொடுக்கவைத்தால், அதற்குச் செவிகொடுங்கள். எல்லாம் சொல்லி, சரிசெய்ய முடிந்ததைச் செய்து முடித்த பிறகும் அது விடாமல் குத்திக்கொண்டிருந்தால், அந்தக் குரல் ஆண்டவருடையது என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

என் தவறே இல்லாமல் எல்லாம் போனது. இதில் என்ன பாடம் படிப்பது?

ஒருவேளை ஒன்றுமே இருக்காது. எல்லாத் தோல்விக்குள்ளும் ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது, தோண்டினால் கிடைக்கும் என்று சொல்வது, அடிபட்டவரை இன்னொரு தரம் அடிப்பதாக முடியலாம். பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீஷர்கள், இவன் செய்த பாவமா, இவன் பெற்றோர் செய்த பாவமா என்று கேட்டபோது, இரண்டும் இல்லை என்றுதான் பதில் வந்தது. “என்ன பாவம் செய்தேனோ” என்று நாம் பழக்கத்தில் சொல்லும் வார்த்தைக்கு அந்தப் பதிலே போதும்.

கேரியின் வாழ்க்கையில் 1812 மார்ச் 11-ம் தேதி மாலை, கல்கத்தாவுக்கு அருகே செராம்பூரில் அவரும் தோழர்களும் நடத்திய அச்சகம் தீப்பிடித்தது. நானும் அச்சகம் வைத்திருந்தவன் என்பதாலோ என்னவோ, அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுக்கிவைத்த காகிதம் எவ்வளவு வேகமாகப் பற்றும் என்று தெரியும். பல கீழை மொழிகளுக்காக வார்த்துவைத்திருந்த எழுத்துகள், கேரி வருடக்கணக்கில் சேர்த்த பன்மொழி அகராதியின் கையெழுத்துப் பிரதி, இலக்கணப் பிரதிகள் எல்லாம் போயின. கேரி அப்போது கல்கத்தாவில் இருந்தார். மறுநாள் அவருடைய தோழர் மார்ஷ்மன் போய்ச் செய்தி சொன்னார்.

சாம்பலைக் கிளறியபோது எழுத்து வார்ப்பதற்கான உருக்கு அச்சுகள் தப்பியிருந்தன. அச்சு இயந்திரங்களும் தப்பியிருந்தன. உருகிக் கட்டியாகக் கிடந்த ஈயத்தை அள்ளி அதிலிருந்தே மறுபடி எழுத்து வார்த்தார்கள். சில மாதங்களில் அச்சு வேலை திரும்பவும் ஓடியது. ஒரு வழியில் இரண்டாம் முறை போகும்போது, எவ்வளவு வேதனையாக இருந்தாலும், முதல் முறையைவிட எளிதாகவும் நிச்சயமாகவும் போகலாம் என்ற கருத்தில் கேரி எழுதினார். அவர் இழந்ததில் சில திரும்ப எழுதப்படவே இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்தத் தீ அவருக்கு எதைக் கற்பிக்க வந்தது என்று நான் விளக்க முயலமாட்டேன். தீ எரிந்து முடிந்த பிறகு மிஞ்சிய உலோகத்தை அவர்கள் என்ன செய்தார்கள் என்பது மட்டும் எனக்குப் போதுமானதாக இருந்தது.

பாடம் படிப்பது என்கிறீர்களே, நடைமுறையில் எப்படி?

உடனே ஆரம்பிக்காதீர்கள். புண் பச்சையாக இருக்கும்போது கிளறினால் இரத்தம்தான் வரும். முதல் சில வாரம் தூங்குங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள், அவசரமாக எதையும் முடிவு செய்யாதீர்கள்.

பிறகு எழுதுங்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986-ல் சாண்ட்ரா பீலோடு சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார். மாணவர்களைத் தங்கள் வாழ்வின் மிக வேதனையான அனுபவத்தைப் பற்றி நாள் ஒன்றுக்கு 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள் எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனம் கனத்தது. ஆனால் நடந்ததையும் அதைப் பற்றித் தாங்கள் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. முதல் நாள் எழுதி அழுகை வந்தால் பயப்பட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நான் கண்ட வழி இது. ஒரு நோட்டில் முதலில் நடந்ததைத் தேதி வாரியாக எழுதினேன், அபிப்பிராயம் எதுவும் இல்லாமல், சாட்சிக்கூண்டில் நிற்பவன் சொல்வதுபோல. “அவர் என்னை ஏமாற்றினார்” என்று எழுதாமல், “மார்ச் மாதம் தருகிறேன் என்றார், ஜூன் வரை தரவில்லை, நான் இரண்டு முறை கேட்டேன்” என்று எழுதினேன். இப்படி எழுதும்போதே பாதிப் புகை கலைந்துவிடும். என் நோட்டில் “இரண்டு முறை கேட்டேன்” என்று எழுதப்போய், உண்மையில் ஒரு முறைதான் கேட்டேன் என்று நினைவு வந்து அடித்துத் திருத்தினேன்.

அதன்பின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அப்போது எனக்குத் தெரிந்திருந்தது என்ன என்று குறித்தேன். இன்றைய அறிவை வைத்து அன்றைய நம்மைத் தீர்ப்பது நியாயமில்லை. அன்று தெரியாமல் செய்தது ஒரு வகை, தெரிந்தும் செய்யாமல் விட்டது இன்னொரு வகை. முதலாவதுக்குக் கற்றுக்கொள்ள வேண்டும். இரண்டாவதுக்கு மனந்திரும்ப வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால்தான் நான் அவ்வளவு காலம் ஒரு பக்கமும் நகராமல் இருந்தேன்.

முடிந்ததும் அதை ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

ஜெபிக்க வரவில்லை. வாயைத் திறந்தால் கோபம்தான் வருகிறது.

அந்தக் கோபத்தோடேயே போங்கள். சங்கீதங்கள் 150-ல் புலம்பல்களே மிகப் பெரிய பகுதி. “எதுவரைக்கும்?” என்று கேட்பவை, “ஏன் என்னைக் கைவிட்டீர்?” என்று கேட்பவை. பெரும்பாலானவை கடைசியில் துதியாக மாறும். 88-ம் சங்கீதமோ மாறவே மாறாது, இருளிலேயே முடிகிறது. அதையும் யாரும் தொகுப்பிலிருந்து எடுத்துவிடவில்லை. வார்த்தை வராத நாளில் அதை வாய்விட்டு வாசியுங்கள், அன்றைக்கு அதுவே உங்கள் ஜெபம்.

தூக்கம் இல்லை, எழுந்திருக்கவே மனம் இல்லை. இது விசுவாசத் தளர்ச்சியா?

தீர்க்கதரிசி எலியா ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, “போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும்” என்றார். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றியைக் கண்ட சில நாட்களுக்குள். தேவதூதன் வந்து அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை, விசுவாசம் எங்கே என்று கேட்கவும் இல்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாம் தரமும் வந்து, பயணம் உனக்கு மிஞ்சியது, எழுந்து சாப்பிடு என்றான். ஓரேப் மலையில் கர்த்தர் அவரோடு பேசிய மெல்லிய சத்தம் அதற்குப் பிறகு நாற்பது நாள் கழித்துத்தான்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மையும் சோர்வும் பிடித்து அழுத்தினால் மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு ஒரு நோய். அதற்குச் சிகிச்சை இருக்கிறது. மாத்திரை எடுத்துக்கொள்வது ஆண்டவர்மேல் அவநம்பிக்கை ஆகாது. காய்ச்சலுக்கு எடுத்துக்கொள்ளும்போது அப்படி நாம் நினைப்பதில்லையே. சாக வேண்டும் என்ற எண்ணம் ஒரு தரம் வந்திருந்தாலும், இந்தப் பக்கத்தை இங்கேயே நிறுத்திவிட்டு, இப்போதே வீட்டில் உள்ள ஒருவரையோ நண்பரையோ கூப்பிட்டுச் சொல்லுங்கள். தனியாக இருக்க வேண்டாம். அருகிலுள்ள மருத்துவமனைக்கோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கோ அவர்கள் துணையோடு பேசுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

சபையில் தெரிந்தால் பேசுவார்களே. யாரிடம் சொல்வது?

பேசுவார்கள். இல்லை என்று நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். அச்சகம் மூடிய மாதம் என் காதுபடவே ஒருவர் சொன்னார், “ஏதோ ரகசியப் பாவம் இருக்கும்” என்று. வெந்த புண்ணில் வேல். அவர்மேல் இன்று எனக்குக் கோபம் இல்லை, ஆனால் அந்த வாக்கியம் இன்னும் நினைவிருக்கிறது.

யோபுவின் சிநேகிதர்கள் வந்தவுடன் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான். வாயைத் திறந்த பிறகு கெடுத்துக்கொண்டார்கள். உங்களுக்கு வேண்டியது அந்த முதல் ஏழு நாளின் சிநேகிதன். அப்படி ஒருவர் போதும், சபை முழுவதும் வேண்டாம்.

ஒருவர் போதும் என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று ஒன்று உண்டு. ஹவாயின் காவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் அவர்கள் நடுவயது அடையும்வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடி அல்லது மனநோய் என்று பல சுமைகளுக்கு நடுவே வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் நல்ல, நம்பிக்கையுள்ள மனிதர்களாக வளர்ந்தார்கள். அவர்களுக்குப் பொதுவாக இருந்தவற்றில் முக்கியமானது, அவர்களை உள்ளபடியே ஏற்றுக்கொண்ட ஒருவராவது அருகில் இருந்தது. பாட்டியாக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம், அக்கம்பக்கத்தவராக இருக்கலாம். வாழ்க்கைக்கு அர்த்தம் உண்டு என்று சொல்லும் ஒரு விசுவாசமும் பலருக்குத் துணையாக இருந்தது.

அந்த ஒருவரை எப்படி அடையாளம் காண்பது? தன் தோல்வியைப் பற்றி உங்களிடம் எப்போதாவது பேசியிருப்பவராகப் பாருங்கள். நீங்கள் சொல்லி முடிக்கும் முன்பே வசனம் சொல்கிறவரை இப்போதைக்குத் தவிர்க்கலாம். வசனம் நல்லதுதான், வேளைதான் இதுவல்ல.

மறுபடியும் அதே இடத்தில் விழுந்துவிட்டேன். இனி யார் என்னை நம்புவார்கள்?

மாற்கு என்னும் மறுபெயர்கொண்ட யோவான் முதல் ஊழியப் பயணத்தில் பம்பிலியாவிலேயே பவுலை விட்டுத் திரும்பிவிட்டான். அடுத்த பயணத்தில் அவனைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் பர்னபா, கூடாது என்றார் பவுல். வாக்குவாதம் முற்றி இருவரும் பிரிந்தே போனார்கள். பவுல் நம்பவில்லை, பர்னபா நம்பினார், மாற்கு பர்னபாவோடு போனான். பல வருடம் கழித்துச் சிறையிலிருந்து எழுதும் பவுல், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமானவன் என்கிறார்.

உங்களை இன்று நம்ப மறுப்பவருக்கும் நியாயமான காரணம் இருக்கலாம். அவரோடு வாதாடி நம்பவைக்க முடியாது. உங்களுக்கு ஒரு பர்னபா கிடைத்தால் அவரோடு புறப்படுங்கள், மற்றவர்களுக்கு வருடங்கள் பதில் சொல்லட்டும். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: ஒரே இடத்தில் மூன்று முறை விழுந்தால், அங்கே மனவுறுதியை மட்டும் நம்பாதீர்கள். வழியையே மாற்றுங்கள். குடியோ சூதாட்டமோ என்றால் அதற்கென்று உள்ள சிகிச்சைக்கும் குழுவுக்கும் போங்கள்.

முயற்சியைக் கைவிடுவது விசுவாசக் குறைவா?

அப்படி இல்லை. பவுல் பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார், வழி அடைபட்டது. துரோவாவுக்கு இறங்கிவந்தார். அங்கிருந்துதான் மக்கெதோனியாவுக்கு வழி திறந்தது. அவர் பித்தினியாவின் வாசலிலேயே நின்று முட்டிக்கொண்டிருக்கவில்லை. எதை விட வேண்டும், எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு என்னிடம் சூத்திரம் இல்லை. கடன் வாங்கித்தான் தொடர முடியும், அதுவும் வீட்டாருக்குத் தெரியாமல் என்ற நிலை வந்துவிட்டால் நிறுத்துங்கள் என்று மட்டும் அடித்துச் சொல்வேன். நான் அந்த இடத்தைத் தாண்டிப் போனவன்.

பரீட்சையில் தோற்ற பிள்ளைக்கு என்ன சொல்வது?

முதல் நாள் ஒன்றும் சொல்லாதீர்கள். பக்கத்தில் இருங்கள். சாப்பாட்டு நேரத்தில் வழக்கம்போல் கூப்பிடுங்கள். “நீ ஜெபித்திருந்தால் இப்படி ஆகியிருக்காது” என்று மட்டும் எக்காரணத்துக்காகவும் சொல்லிவிடாதீர்கள், அது பிள்ளைக்கும் ஆண்டவருக்கும் நடுவில் ஒரு சுவரை எழுப்பிவிடும். இரண்டு மூன்று நாள் கழித்து, உங்கள் வாழ்க்கையில் நீங்கள் தோற்ற ஒன்றைச் சொல்லுங்கள். ஜெயித்து முடித்த தோல்வியாக இல்லாமல், இன்னும் கொஞ்சம் வலிக்கிற ஒன்றாக இருந்தால் நல்லது. பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியும்.

எழுந்து நிற்க எவ்வளவு நாள் ஆகும்?

ஜட்சனுக்குத் திரும்ப வருகிறேன். 1824-ல் போர் மூண்டபோது பர்மிய அரசு அவரைச் சிறையில் அடைத்தது. அவருடைய மொழிபெயர்ப்பின் கையெழுத்துப் பிரதியை மனைவி ஆன் ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்து அவரிடம் சேர்த்தார். விடுதலையான பிறகு, 1826-ல் ஆன் இறந்தார். சில மாதங்களில் கைக்குழந்தையும் போனது. ஜட்சன் மனம் உடைந்து, காட்டருகே ஒரு குடிசையில் தனியாகத் தங்கினார். தனக்கே ஒரு குழி வெட்டி அதனருகே உட்கார்ந்திருந்தார். தேவனை நம்புகிறேன், ஆனால் அவரைக் காண முடியவில்லை என்ற பொருளில் அவர் எழுதியது 1829-ல். பர்மிய மொழியில் வேதாகமத்தை முழுதாக மொழிபெயர்த்து முடித்தது 1834-ல். ஆன் இறந்து ஏழு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த ஏழு வருடத்தில் எந்த நாளில் அவர் “மீண்டார்” என்று என்னால் சுட்டிக்காட்ட முடியவில்லை. வேலைக்குத் திரும்பினார், தளர்ந்தார், திரும்பவும் மேசைக்கு வந்தார். அப்படித்தான் தெரிகிறது.

என்னுடையது மிகச் சிறிய கதை. அச்சகம் இருந்த தெருவைத் தவிர்த்து இரண்டு வருடம் சுற்றுவழியில் போனேன். நோட்டைப் படித்த பிறகு, பாக்கி வைத்திருந்த பதினோரு பேரையும் நேரில் போய்ப் பார்த்தேன். நான்கு பேர் கொடுத்தார்கள். நான் கொடுக்க வேண்டியதைத் தவணையாகக் கட்டி முடிக்க மேலும் மூன்று வருடம் ஆனது. கடைசித் தவணை கட்டிய அன்று அந்தத் தெரு வழியாகவே நடந்து வந்தேன். பெயர்ப்பலகை இருந்த இடத்தில் சுவர் மட்டும் நீள்சதுரமாக வெளுப்பாக இருந்தது, சுற்றிலும் வெயிலில் நிறம் மங்கிப்போயிருந்தது. சற்று நேரம் நின்று பார்த்தேன். இப்போது வேறொருவரின் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறேன், மாதக் கணக்கையும் நானே எழுதுகிறேன், பேனாவால்.